வெளியே மைனஸ் 3, கடையில் லினன் கவுன்: மார்ச் மாதத்துக்கு என்னதான் உடுத்துவது?

கோவைப்பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டொரொன்டோவில் இது எனக்கு இரண்டாவது குளிர்காலம். முதல் வருஷம் நவம்பரில் வந்து இறங்கியபோது பயத்தில் வாங்கியது எல்லாமே கறுப்பு. முழங்கால் வரை வருகிற தடித்த குளிர்கோட்டு, இங்கே பார்க்கா என்பார்கள், அது கறுப்பு, பூட்ஸ் கறுப்பு, உள்ளே போடுகிற தெர்மல் கறுப்பு, கொஞ்சம் தைரியம் வந்த பிறகு வாங்கிய ஸ்வெட்டர் இரண்டும் சாம்பல் நிறம். அலமாரியைத் திறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர் வீட்டு அலமாரி மாதிரி இருக்கிறது. மகர விளக்கு முடிந்து இரண்டு மாசம் ஆகிவிட்டது, நான் மட்டும் இன்னும் மாலையைக் கழற்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தோம் இல்லையா, அன்றிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது, மனசு என்னமோ பண்ணுகிறது. ஆனால் காலையில் மைனஸ் 3, மத்தியானம் 7, சாயங்காலம் காற்று அடித்தால் மறுபடியும் காது விறைக்கிறது. கடைக்குப் போனால் பிப்ரவரியிலிருந்தே லினன் கவுன், கையில்லாத ரவிக்கை மாதிரி டாப்ஸ், மெல்லிசான செருப்பு. நானும் ஏமாந்து மஞ்சள் கவுன் ஒன்று 60 டாலருக்கு வாங்கி, மேலே டெனிம் ஜாக்கெட் மட்டும் போட்டுக்கொண்டு ஒரு வெயில் நாளில் ஆபீஸ் கிளம்பினேன். டொரொன்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். 2023-இல் அந்தச் சின்ன ரயில் தடம்புரண்டு, அப்படியே மூடிவிட்டதிலிருந்து பஸ்தான் எங்களுக்கு. ஸ்டாப்பில் இருபது நிமிஷம் நின்றேன். வெயில் கண்ணில்தான் இருந்தது, உடம்பில் இல்லை. பக்கத்தில் நின்ற பாட்டி தன் தெர்மாஸைத் திறந்து டீ வேண்டுமா என்று கேட்டார், அவ்வளவு பாவமாக இருந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கையில் ஒரு 200 டாலர் இருக்கிறது. டவுன்டவுன் ஆபீஸ், உள்ளே ஹீட்டர் போட்டு வேர்க்கிற அளவுக்கு வைத்திருப்பார்கள், வெளியே பத்து நிமிஷ நடை. இந்த இரண்டு மாசத்துக்கு எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது? பார்க்காவை எப்போது உள்ளே வைக்கலாம்? ஏப்ரல் 14 வருஷப் பிறப்புக்கு ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகலாம் என்று இருக்கிறேன், அன்றைக்காவது புடவை கட்ட முடியுமா?

ஸ்காபரோ அக்கா எழுதியது:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கு அனுபவம் கனக்க. 2018-ஆம் ஆண்டு சித்திரை வருசப் பிறப்பு சனிக்கிழமையில் வந்தது. வேலை இல்லாத நாள், கோயிலுக்குப் போகலாம் என்று எல்லோரும் சந்தோசமாக இருந்தோம். அன்றைக்குத்தான் ஐஸ் மழை. மழை என்று விழுந்து நிலத்தில் பட்டவுடன் கண்ணாடி ஆகிவிடும், கூடவே சின்னச் சின்ன ஐஸ் குறுணிகள். திங்கட்கிழமை சிஎன் டவரில் இருந்து விழுந்த ஐஸ் பக்கத்து விளையாட்டரங்கின் கூரையில் ஓட்டை போட்டு, அன்றைய பேஸ்போல் ஆட்டமே இல்லை. நான் அந்தச் சனிக்கிழமை புதுச் சீலை கட்டிக்கொண்டு வாசற்படி வரைக்கும்தான் போனேன். படியில் வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உள்ளே திரும்பி வந்து, வீட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன்.

அதனால் ஏப்ரல் 14-க்குச் சீலை கட்டலாம், ஆனால் பார்க்கா மேலே இருக்க வேண்டும். உள்பாவாடைக்குள் தெர்மல் லெகிங்ஸ் போடுங்கள், ஒருவருக்கும் தெரியாது. ரவிக்கைக்குப் பதிலாகக் கழுத்து மூடின மெல்லிய கம்பளிச் சட்டை போட்டு அதன் மேல் சீலை கட்டினால் வடிவாகத்தான் இருக்கும், இப்போது இங்கே பிள்ளைகள் கனபேர் அப்படித்தான் கட்டுகிறார்கள். சீலைக் கரையைக் காரில் இருந்து இறங்கும்போது கையால் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஒரு கையில் பூத்தட்டு இருக்கும், மற்றக் கையில் பிள்ளை இருக்கும். கொசுவத்தை முழங்கால் அளவுக்குத் தூக்கி இடுப்பில் ஊசி குத்திக்கொண்டு போய், உள்ளே போனபிறகு இறக்கிவிடுங்கள். றோட்டில் போடுகிற உப்பு பட்டுக்கரையில் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும்.

இன்னொன்று, இதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கோயிலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கயிறு கட்டுகிற பூட்ஸ் போட்டுக்கொண்டு போனால் வாசலில் குனிந்து நின்று பின்னால் வருகிறவர்களிடம் பேச்சு வாங்குவீர்கள். இழுத்துக் கழற்றுகிற சப்பாத்து, உள்ளே ஓட்டை இல்லாத தடித்த மேஸ். நிலம் குளிரும். பக்கத்தில் நிற்கிறவர்கள் கண் சாமியில் இருக்காது, உங்கள் மேஸில்தான் இருக்கும்.

பார்க்காவை எப்போது உள்ளே வைப்பது என்றால் எங்கள் வீட்டுக் கணக்கு விக்டோரியா நாள். மே 25-க்கு முந்தின திங்கள். அதற்குப் பிறகுதான் தக்காளிக் கன்றும் வெளியில் வைப்போம், பார்க்காவும் உள்ளே போகும். இதைக் கேட்டு என் மகள் சிரிப்பாள், ஆனால் 2020 மே மாதத்தில் அன்னையர் தினத்துக்கு ஒட்டின நாட்களில் இங்கே பனித்தூறல் விழுந்தது, அதையும் அவள்தான் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

துணிக்கடைக்காரன் எழுதியது:

நான் மிஸ்ஸிஸாகா பக்கம் ஒரு மாலில் 13 வருஷமாகத் துணிக்கடையில் வேலை செய்கிறேன், அதனால் கடை ரகசியம் ஒன்று சொல்கிறேன். கடைக்காரர்களுக்கு வெளியே என்ன காற்று அடிக்கிறது என்பது கணக்கே இல்லை. எங்கள் காலண்டர் எப்போதும் ஒரு பருவம் முன்னால் ஓடும். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு குளிர் உடுப்பை விலை குறைத்துத் தள்ள ஆரம்பிப்போம், ஏனென்றால் இடம் வேண்டும், லினன் பெட்டி பின்னால் வந்து நிற்கும். பிப்ரவரியில் நீங்கள் பார்த்த மஞ்சள் கவுன், மே கடைசியில் நிஜமாகவே வெயில் வரும்போது பெரும்பாலும் தள்ளுபடி கம்பிக்கு வந்துவிடும். அதாவது அதை உடுத்துகிற நாளில்தான் அது மலிவு. இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

அதனால் உங்கள் 200 டாலரை வசந்த உடுப்பில் இப்போது போடாதீர்கள். இப்போது வாங்க வேண்டியது குளிர் உடுப்பில் மிஞ்சியது. மார்ச் நடுவில் எங்கள் கடையில் கம்பளி ஸ்வெட்டர் பாதி விலைக்கும் கீழே கிடக்கும், அதிலும் கறுப்பும் சாம்பலும் முதலிலேயே போய்விடும், மிச்சம் இருப்பது இளம்பச்சை, கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, யாரும் சீண்டாத ரோஸ். உங்களுக்கு வேண்டியது அதுதானே? ஊரே கறுப்பு வாங்குகிறது என்பதால் நிறம் பிடித்தவர்களுக்கு நிறம் மலிவாகக் கிடைக்கிறது.

வாங்கும்போது உள்ளே தைத்திருக்கிற சீட்டைப் படியுங்கள். கம்பளி மாதிரியே தெரியும், தொட்டால் மெத்தென்று இருக்கும், சீட்டில் பார்த்தால் முழுக்க அக்ரிலிக், அதாவது செயற்கை நூல். பஸ் ஸ்டாப்பில் அதுவும் ஓரளவு தாங்கும், ஆனால் ஆபீஸ் ஹீட்டரில் வேர்த்துவிட்டால் அந்த நாற்றம் சாயங்காலம் வரைக்கும் கூடவே வரும். மெரினோ என்று போட்டிருந்தால், அது மெரினோ ஆட்டின் கம்பளி, மெல்லிசாக இருந்தாலும் நம்பி எடுங்கள். அது வேர்வையை வாங்கிக்கொண்டும் சூட்டைக் காப்பாற்றும், இரண்டு மூன்று நாள் போட்டாலும் வாடை வராது. அளவு மட்டும் உடம்போடு ஒட்டினதாக இருக்கட்டும், மேலே இன்னொன்று போட வேண்டும்.

அப்புறம் கோட். பார்க்காவுக்கும் டெனிம் ஜாக்கெட்டுக்கும் நடுவில் உங்களிடம் ஒன்றுமே இல்லை, அதனால்தான் அன்றைக்கு நடுங்கினீர்கள். உள் துணியை ஜிப்பால் தனியாகக் கழற்றுகிற டிரெஞ்ச் கோட் என்று ஒரு வகை இருக்கிறது. மார்ச்சில் உள் துணியோடு, மே மாசம் அது இல்லாமல், மழைக்கும் ஆச்சு. புதிதாக வாங்கினால் உங்கள் பட்ஜெட் முழுவதையும் தின்றுவிடும். பழைய துணி விற்கிற கடைகளில், வேல்யூ வில்லேஜ் மாதிரி இடங்களில், தேடினால் 30, 40 டாலருக்குக்கூட அகப்படும். நான் துணிக்கடையில் வேலை செய்துகொண்டு இதைச் சொல்லக் கூடாது, ஆனால் என் மனைவியின் கோட் அங்கே வாங்கினதுதான். போட்டுப் பார்க்கப் போகும்போது ஸ்வெட்டரோடு போங்கள். டி-ஷர்ட் மேல் போட்டுப் பார்த்து எடுத்தால் வீட்டுக்கு வந்து ஸ்வெட்டர் போட்டதும் கை மடங்காது.

பாதம் சின்னதாக இருந்தால் இதையும் கேளுங்கள். ஒன்டாரியோவில் குழந்தைகள் துணிக்கும் காலணிக்கும் 13 சதவீத வரியில்லை, 5 சதவீதம்தான். காலணியில் குழந்தைகள் அளவு 6 வரைக்கும் அந்தச் சலுகை. பெண்கள் அளவு 7 போடுகிறவர்களுக்குப் பையன்கள் பிரிவில் ஐந்தோ ஐந்தரையோ பெரும்பாலும் சரியாக இருக்கும், அதே பூட்ஸ் விலையும் குறைவு, வரியும் குறைவு. பில் போடுகிற இடத்தில் யாரும் உங்கள் வயதைக் கேட்பதில்லை.

கால்கரி மாமா எழுதியது:

வசந்தமா, அது எங்கே இருக்கிறது? எங்கள் ஊரில் பெரிய பெரிய பனியெல்லாம் மார்ச்சிலும் ஏப்ரலிலும்தான் கொட்டும். நடுவில் சினூக் என்று ஒரு காற்று மலையிலிருந்து இறங்கி வரும், சில மணி நேரத்தில் மைனஸ் 15 போய் பிளஸ் 8 ஆகிவிடும், ஜனங்கள் அரைக்கால் சட்டையோடு தெருவில் நடப்பார்கள். நானும் வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, சரி முடிந்தது என்று ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்ட வெறும் கையோடு நின்றேன். அன்றையிலிருந்து காரின் பின்சீட்டில் ஒரு பழைய கோட், கையுறை, குல்லா மூன்றும் ஜூன் வரை இருக்கும். என் மனைவி அதற்கு ஐந்தாவது பயணி என்று பெயர் வைத்திருக்கிறாள்.

துணிக்கடைக்காரர் சொன்னதில் ஒன்றில் எனக்கு உடன்பாடு இல்லை. நிறம், நிறம் என்கிறீர்கள். இந்த மாசத்தில் அலமாரியில் முதலில் மாற வேண்டியது கால்தான். ஜனவரியில் எதிரி குளிர், மார்ச்சில் எதிரி தண்ணீர். மேலே பனி உருகி, கீழே ஐஸ் உருகாமல், நடுவில் சேறும் உப்பும் கலந்த கஞ்சி. நடைபாதை ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கெட்டியாகத்தான் தெரியும், கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். குளிருக்கு வாங்கின கம்பளி உள் வைத்த பெரிய பூட்ஸ் இதற்கு வேர்க்கும், துணி ஷூ நனையும். கணுக்காலுக்கு மேல் வருகிற, தண்ணீர் புகாத, மெல்லிசான பூட்ஸ் ஒன்று வேண்டும். செல்ஸி பூட்ஸ் மாதிரி ரப்பரில் வருகிறதே, அது போதும், உள்ளே கம்பளி ஸாக்ஸ். இழுத்தால் கழன்று வந்துவிடும், அக்கா சொன்ன கோயில் கணக்குக்கும் சரி. வெள்ளை ஸ்னீக்கர்ஸை மட்டும் மே மாசத்துக்கு முன்னால் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள், அழுதுவிடுவீர்கள்.

பனியன் விஷயமும் ஒன்று. நம்ம ஊர்க்காரர்கள் பழக்கத்தில் உள்ளே பருத்தி பனியன் போட்டு மேலே ஐந்து அடுக்கு ஏற்றுகிறோம். பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு அப்படியே ஈரமாக உட்கார்ந்திருக்கும். ஹீட்டர் போட்ட பஸ்ஸில் வேர்த்து, இறங்கிக் காற்றில் நின்றால், ஈரத்துணியை உடம்பில் சுற்றிக்கொண்ட மாதிரி. உடம்போடு ஒட்டுகிற அடுக்கு மட்டும் பருத்தி வேண்டாம், அதற்கு மேல் எது வேண்டுமானாலும் இருக்கட்டும்.

லண்டன் சித்தி எழுதியது:

எல்லோரும் எதை வாங்குவது என்றே பேசுகிறீர்கள். கோவைப்பொண்ணு, உங்களிடம் ஊரிலிருந்து கொண்டு வந்த பெட்டி ஒன்று கட்டிலுக்கு அடியில் இருக்குமே, அதைத் திறந்தீர்களா?

நான் லண்டனுக்கு வந்து 17 வருஷம் ஆகிறது. இங்கே உங்கள் ஊர் மாதிரி மைனஸ் எல்லாம் அடிக்கடி இல்லை, மார்ச்சில் 10, 11 வரும், ஆனால் ஈரக்குளிர், எலும்பில் போய் உட்காரும். 2018-இல் மார்ச் 1-ஆம் தேதி, வானிலைக்காரர்கள் கணக்கில் வசந்தத்தின் முதல் நாள், அன்றைக்குக் கிழக்கிலிருந்து வந்த குளிர்காற்றில் ஊரே பனியில் முடங்கியது. இங்கிலாந்துக்காரர்களிடம் பழைய பேச்சு ஒன்று உண்டு, மே போகிற வரை உடம்பிலிருந்து ஒரு துண்டுத் துணியையும் கழற்றாதே என்று. அதில் வருகிற மே மாசத்தைக் குறிக்கிறதா, மே என்று அவர்கள் சொல்கிற ஒரு முள்செடியின் பூவைக் குறிக்கிறதா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எதுவானாலும் விக்டோரியா நாள் அக்காவின் கணக்குக்குப் பக்கத்தில்தான் வருகிறது.

நான் முதல் மூன்று வருஷம் உங்களை மாதிரிதான் இருந்தேன். ஊர்த் துணி எல்லாம் கோடைக்கு என்று கட்டி வைத்துவிட்டு, கறுப்பு பேண்ட், கறுப்பு ஸ்வெட்டர். கோடை வந்தால் அது ஆறு வாரம், அதற்குள் எத்தனை சல்வார் போடுவது? பெட்டியிலேயே மடிப்புக் கோட்டில் வெளுக்க ஆரம்பித்தது. ஒரு மார்ச் மாசம் ஆத்திரத்தில் ஒரு சுங்குடி குர்தாவை எடுத்து, கழுத்து வரை வருகிற மெல்லிசான மெரினோ சட்டைக்கு மேலே மாட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் யாரோ வேறு ஆள். ஆபீஸில் நாலு பேர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள், மதுரையில் 350 ரூபாய்க்கு என்று சொன்னேன், நம்பவில்லை.

சிலது மட்டும் கவனிக்க வேண்டும். குர்தாவின் பக்கவாட்டு வெட்டு வழியாகத்தான் காற்று தொடையில் அடிக்கும், அதனால் கீழே பருத்தி லெகிங்ஸ் போடாதீர்கள், உள்ளே மயிர் மாதிரி மெத்தென்று ஃபிளீஸ் வைத்தது கிடைக்கும், அதைப் போடுங்கள். கை அகலமான குர்தா என்றால் உள்சட்டையின் கை மணிக்கட்டு வரை வந்து வெளியே தெரிய வேண்டும், அந்த ஒரு அங்குலம்தான் அழகே. நிறத்தை முரணாக வையுங்கள், கடுகு மஞ்சள் குர்தாவுக்குள் கத்திரிப்பூ நிறச் சட்டை மாதிரி. கறுப்பு உள்சட்டைகூடப் பரவாயில்லை, உங்களிடம் இருக்கிற கறுப்பு தெர்மலையே போடலாம், சுங்குடிப் புள்ளிகள் அதன் மேல் இன்னும் தூக்கும். துப்பட்டாவைத் தோளில் தொங்கவிடாமல் நீளவாக்கில் மடித்துக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மடிப்புக்கு நடுவில் நிற்கிற காற்றுதான் சூடு, துணியின் தடிப்பு மட்டுமல்ல. முகத்துக்குப் பக்கத்தில் நிறம் வந்துவிட்டால் கீழே பார்க்கா கறுப்பாக இருந்தால் என்ன, பச்சையாக இருந்தால் என்ன.

அந்த மஞ்சள் கவுனையும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அதற்குள்ளும் அதே மெரினோ, கீழே கம்பளி டைட்ஸ், கால்கரி மாமாவின் ரப்பர் பூட்ஸ். கவுனைப் பாவாடை மாதிரி நினைத்து மேலே சாம்பல் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டாலும் கீழே மஞ்சள் மட்டும் தெரியும், நன்றாக இருக்கும்.

புடவைக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கோவை என்கிறீர்கள், பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கோரா புடவை ஒன்றாவது அம்மா வைத்து அனுப்பியிருப்பார். ஏப்ரலுக்கு அதைக் கட்டுங்கள். காஞ்சிப் பட்டு நனைந்தால் மனசு உடையும், கோரா நனைந்தால் அவ்வளவு பதற வேண்டாம், விறைப்பாக நிற்பதால் உள்ளே தெர்மல் போட்டிருப்பதும் வெளியே காட்டாது.

கோவைப்பொண்ணு எழுதியது:

சித்தி, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டியை இழுத்தேன். கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது, எப்படித் தெரிந்தது? ஒன்பது குர்தா, நாலு துப்பட்டா, அம்மா செய்தித்தாளில் சுற்றி வைத்த ஒரு கோரா, இளம்பச்சையில் அரக்குக் கரை. அதை வாங்கின நாள்கூட ஞாபகம் இல்லை. செய்தித்தாளையும் உட்கார்ந்து படித்தேன், அது வேறு கதை.

இன்று காலை மைனஸ் 2. கறுப்பு தெர்மல், அதன் மேல் கடுகு மஞ்சள் குர்தா, பழைய ஃபிளீஸ் லெகிங்ஸ், துப்பட்டா கழுத்தில், மேலே அதே பார்க்கா. பஸ் ஸ்டாப்பில் அந்தத் தெர்மாஸ் பாட்டி இருந்தார், இந்த முறை டீ கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ஆபீஸில் பார்க்காவைக் கழற்றினதும் பக்கத்து மேசைக்காரி ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். இதுவரை ஒரு டாலரும் செலவாகவில்லை.

எல்லோர் சொன்னதையும் போட்டுப் பார்த்ததில் கணக்கு இப்படி வருகிறது. மெரினோ உள்சட்டை இரண்டு, அதுவும் தள்ளுபடியில், துணிக்கடைக்காரரே சொன்னதால் யாரும் சீண்டாத ரோஸ் ஒன்று கட்டாயம். ரப்பர் பூட்ஸ், என் பாதம் அளவு 7, பையன்கள் பிரிவில் போய்ப் பார்க்கிறேன், கூச்சமாகத்தான் இருக்கும். டிரெஞ்ச் கோட்டைப் பழைய கடையில் தேடுவேன், கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம். கவுனுக்கு ஜூன் வரை விடுமுறை, டைட்ஸ் வாங்க மனசில்லை.

கால்கரி மாமா, எனக்குக் கார் இல்லை, அதனால் ஐந்தாவது பயணியை ஆபீஸ் நாற்காலியில் தொங்கவிடப் போகிறேன். அக்கா, மேஸ் என்றால் ஸாக்ஸ்தானே? இரண்டு முறை படித்துத்தான் புரிந்தது. இன்னொரு சந்தேகம், அந்த விக்டோரியா நாள் வந்து பார்க்காவை உள்ளே வைக்கும்போது எப்படி வைப்பது? போன வருஷம் காற்றை உறிஞ்சுகிற பிளாஸ்டிக் பையில் போட்டு அப்பளம் மாதிரி தட்டையாக்கி வைத்தேன், நவம்பரில் எடுத்தால் உயிரே இல்லாமல் இருந்தது. பூட்ஸில் வேறு வெள்ளை வெள்ளையாகக் கோடு.

ஸ்காபரோ அக்கா எழுதியது:

ஓம் தங்கச்சி, மேஸ் என்றால் நீங்கள் சொல்கிற ஸாக்ஸ்தான்.

பார்க்காவைத் தட்டையாக்கக் கூடாது. உள்ளே இருக்கிறது வாத்தின் மெல்லிய இறகு என்றால் அது பொங்கி நின்றால்தான் சூடு, மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் பிறகு பொங்காது. முதலில் தோய்க்க வேண்டும், அழுக்கோடும் வேர்வையோடும் வைக்காதீர்கள், கம்பளியையும் அப்படித்தான். அந்துப் பூச்சி பறக்கிறதைப் பார்த்துப் பயப்படுகிறோம், கம்பளியைத் தின்கிறது அதன் புழு, அதற்கு வேர்வை படிந்த இடம் என்றால் கொள்ளை விருப்பம், கழுத்தும் அக்குளும்தான் முதலில் ஓட்டையாகும். தோய்த்துக் காய்ந்த ஸ்வெட்டரை நல்ல இறுக்கமாக மூடுகிற பெட்டியில் வைத்தால் போதும். அந்துருண்டை போடாதீர்கள். போட்டால் நவம்பரில் பஸ்ஸில் உங்கள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.

பெட்டிக்கு வேறெங்கும் போக வேண்டாம். குர்தா எல்லாம் வெளியே வந்துவிட்டதுதானே, அந்தப் பெட்டி இப்போது காலி. ஸ்வெட்டர் அதற்குள், பெட்டி கட்டிலுக்கு அடியில். பார்க்காவை மட்டும் அலுமாரியின் மூலையில் பழைய பருத்தித் துணி போர்த்தித் தொங்கவிடுங்கள்.

பூட்ஸில் இருக்கிற வெள்ளைக் கோடு றோட்டு உப்பு. வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் கலந்து துணியில் நனைத்துத் துடையுங்கள், தோல் சப்பாத்து என்றால் காய்ந்தபிறகு கொஞ்சம் பாலிஷ். விட்டுவிட்டால் தோல் வெடிக்கும். இதை இப்போதே செய்யுங்கள், மே மாதம் வரைக்கும் வைத்திருக்க வேண்டாம்.

பார்க்காவைத் தோய்க்கிறது இப்படி. உள்ளே இருக்கிற சீட்டில் இயந்திரத்தில் தோய்க்கலாம் என்று போட்டிருந்தால் மட்டும். மெல்லிய சூட்டில், கொஞ்சச் சவர்க்காரம், துணிக்குப் போடுகிற மென்மையாக்கி ஒன்றும் வேண்டாம். பிறகு டிரையரில் குறைந்த சூட்டில், கூடவே இரண்டு மூன்று டென்னிஸ் பந்து போடுங்கள். ஈரத்தில் இறகெல்லாம் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், பந்து அடித்து அடித்து அதை உதிர்த்துவிடும். ஒருமுறை ஓட்டினால் காயாது, மூன்று முறையாவது போட வேண்டும், நடுவில் எடுத்து உதறுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் நாறும்.

கோவைப்பொண்ணு எழுதியது:

டென்னிஸ் பந்தா! எங்கள் அபார்ட்மெண்ட் லாண்டரி அறையில் மூன்று முறை அந்தச் சத்தம் கேட்டால் கீழ் வீட்டுக்காரர் என்னைத் தேடி வருவார். பந்துக்கு எங்கே போவேன், நான் டென்னிஸ் ஆடினதே இல்லை.

கால்கரி மாமா எழுதியது:

டாலராமா என்கிற மலிவு விலைக் கடையில் பாருங்கள், நாய் விளையாடுகிற சாமான் வைத்திருக்கிற பக்கம் இருக்கும். மலிவுப் பந்துகளில் சாயம் இறங்குவதும் உண்டு, ஒரு பழைய வெள்ளை ஸாக்ஸுக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிடுங்கள். கறுப்பு பார்க்காவுக்கு அதுகூடத் தேவையில்லை. பகல் இரண்டு மணிக்கு ஓட்டுங்கள், கீழ் வீட்டுக்காரர் வேலையில் இருப்பார். எனக்கு நேரமாகிறது, இங்கே மறுபடி கொட்ட ஆரம்பித்துவிட்டது, கார் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும்.